திரையில் முகம் தெரிந்தால் போதுமா?

2019 மார்ச். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் ஒரு மருத்துவமனை. 78 வயது முதியவரின் அறைக்குள் ஒரு ரோபோ உருண்டு வருகிறது. அதன் திரையில் தெரிந்த மருத்துவர், நுரையீரல் தேறாது, இனிப் பிழைப்பது கடினம் என்கிறார். முதியவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. கேட்கும் காதின் பக்கம் ரோபோவால் போக முடியவில்லை. உடனிருந்த பேத்தியே அந்தச் செய்தியைத் தாத்தாவிடம் திரும்பச் சொல்ல நேர்ந்தது.

இத்தகைய செய்தியை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று அப்போது பலரும் வாதிட்டார்கள். நியாயமான வாதம். அதோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: அந்த இயந்திரத்தை யாரை மனதில் வைத்து வடிவமைத்தார்கள்?

தொலைவிலிருந்து இயக்குபவர் கேமராவைத் திருப்பலாம், படத்தைப் பெரிதாக்கலாம், நினைத்த இடத்துக்கு நகர்த்தலாம். எதிரே இருப்பவருக்குக் கிடைப்பதோ ஒரு திரை. மருத்துவர் பக்கத்தில் கேமரா திரைக்கு மேலே இருப்பதால், அவர் திரையில் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசினாலும் அவர் பார்வை தாழ்ந்தே தெரிகிறது. நிற்கும் ஆள் உயரத்துக்கு வைத்த திரையைப் படுத்திருப்பவர் அண்ணாந்து பார்க்க வேண்டும். நேரில் வரும் மருத்துவர் கட்டிலோரம் உட்கார்ந்து, குனிந்து, கண்ணைப் பார்த்துச் சொல்வதில் பாதி ஆறுதல் இருக்கிறது. அந்தப் பாதியைத்தான் இந்த வடிவமைப்பு கைவிட்டுவிடுகிறது.

இதற்கு மாற்று உண்டு. நார்வேயின் ‘நோ ஐசொலேஷன்’ நிறுவனம், நெடுநாள் நோயால் பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகளுக்காக ‘ஏவி1’ என்ற சிறு ரோபோவைச் செய்தது. வகுப்பு மேசையில் உட்காரும் அதற்குத் திரையே கிடையாது. வீட்டிலிருக்கும் பிள்ளை வகுப்பைப் பார்க்கலாம்; நோயால் மாறிப்போன தன் முகத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. கை தூக்க நினைத்தால் ரோபோவின் தலையில் விளக்கு மின்னும். இன்று பேச விருப்பமில்லை என்றால் நீல ஒளி அதைச் சொல்லிவிடும். ஆசிரியரும் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யமாட்டார்.

டோக்கியோவின் நிஹோன்பாஷியில் 2021-இல் திறந்த ‘டான்’ காபிக் கடையில், வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்கள் ‘ஓரிஹிமே’ ரோபோக்கள் வழியாக வாடிக்கையாளர்களை உபசரிக்கிறார்கள். ஜப்பானின் மரபு நாடகமான ‘நோ’வின் முகமூடிச் சாயலில் அமைந்த ரோபோவின் முகம் அசையாது. தலையாட்டலும் கையசைப்பும் குரலுமே எதிரே ஓர் ஆள் இருப்பதை உணர்த்திவிடுகின்றன.

ஆக, தெளிவான படம் ஒன்றே ஓர் ஆளை நம் முன்னே கொண்டுவந்துவிடாது. யார் பார்க்கிறார், எங்கே பார்க்கிறார், கேட்கிறாரா என்பது எதிரே இருப்பவருக்குப் புரிய வேண்டும். இத்தகைய ரோபோவை வாங்கும் மருத்துவமனை மூன்றைச் சோதிக்கட்டும். திரை படுக்கை மட்டத்துக்கு இறங்குகிறதா? கேமரா இயங்குவது கண்ணுக்குத் தெரிகிறதா? ‘கேட்கவில்லை’ என்று நோயாளி சைகை செய்தால் மருத்துவருக்கு எட்டுகிறதா? சோதிப்பவர்களில் காது மந்தமானவர்களும் படுத்த படுக்கையாக இருப்பவர்களும் அவசியம் இருக்க வேண்டும். அவர்கள் சரியென்று சொல்லாத இயந்திரத்தை வார்டுக்குள் விடக் கூடாது.