காரம் தக்காளிக்கு வேண்டாம், காவல் மிளகாய்க்கு வேண்டும்

தக்காளியைக் காரமாக்க முடியும் என்று பிரேசிலின் விசோசா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் எழுதினார்கள். மிளகாயும் தக்காளியும் ஒரே குடும்பம். பிரிந்து ஏறக்குறைய 1.9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. காரத்துக்குக் காரணமான கேப்சைசினை உண்டாக்கும் மரபணுக்கள் தக்காளியிலும் உண்டு, ஆனால் செயல்படுவதில்லை. மரபணுத் திருத்தத்தால் அவற்றை முடுக்கிவிடலாம் என்பது அவர்கள் வாதம்.

தாவரவியல் ஆசிரியையான எனக்கு இந்த அறிவியல் பிடித்திருக்கிறது. வகுப்பில் மிளகாயைக் கீறி, காரம் எங்கே என்று கேட்டால் பிள்ளைகள் விதையைக் காட்டுவார்கள். உண்மையில் விதைகள் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில்தான் கேப்சைசின் உருவாகிறது. விதையை மென்று அழிக்கும் பாலூட்டிகளை அது விரட்டும். பறவைகளுக்கோ அந்த எரிச்சலே தெரியாது. பழத்தைத் தின்று விதையைப் பரப்பும். பொலிவியக் காட்டு மிளகாயில் விதையைப் பூஞ்சையிலிருந்து காப்பதும் இதே காரம்தான். குடைமிளகாய் காரமில்லாமல் இருப்பதற்கு ‘பன்1’ என்ற ஒற்றை மரபணு பழுதானதே காரணம்.

வலி நிவாரணக் களிம்புக்குக் கேப்சைசின் எடுக்க, மூடிய பசுமைக்குடிலில் இந்தத் தக்காளியை வளர்க்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. சந்தைக்கு வரக் கூடாது. பார்த்தால் சாதாரணத் தக்காளி போலவே இருப்பதைக் கைக்குழந்தையின் பருப்புச் சாதத்தில் ஒரு தாய் பிசைந்துவிட்டால் யார் பொறுப்பு?

மரபணுத் திருத்தம் உண்மையில் தேவைப்படுவது மிளகாய்க்குத்தான். எங்கள் முதுகுளத்தூர் பக்கம் மானாவாரியில் விளையும் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்தும் வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோய் விடவில்லை. நோய் விழுந்த வயலில் இலை சுருண்டு, செடி குட்டையாகி, காய் பிடிக்காமல் போகும். என் அப்பா அப்படிப்பட்ட வருடங்களில் வத்தல் காயவைக்கக் களத்தைக் கூட்டியதே இல்லை. 2021-இல் ஆந்திரம், தெலங்கானாவில் புதிய வகை இலைப்பேன் பூக்களைத் தின்று தீர்க்க, விவசாயிகள் செடிகளைப் பிடுங்கி எறிந்தார்கள்.

அயல் மரபணு சேராத திருத்தப் பயிர்களுக்கு 2022-இல் மத்திய அரசு விதிகளைத் தளர்த்தியது. 2025-இல் அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களும் அறிவிக்கப்பட்டன. நெல்லுக்குச் செய்ததை மிளகாய்க்கும் செய்யுங்கள். வேளாண் பல்கலைக்கழகங்கள் இலைச்சுருளைத் தாங்கும் முண்டு ரகத்தை முதல் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த விதையை விவசாயி தானே எடுத்துவைத்து மறுபடி விதைக்கும் உரிமையோடு தர வேண்டும்.