அனுமதி யார் பெயரில்?
கலிபோர்னியாவில் தொழிற்சாலையில் செய்து லாரியில் வந்திறங்கும் வீட்டுக்கு மாநில வீட்டுவசதித் துறையின் முத்திரை உண்டு. அந்த முத்திரை வீட்டோடு சரி. அஸ்திவாரம், கழிவுநீர், மின் இணைப்புக்கு உள்ளூர் கட்டட அலுவலகம் அனுமதி தர வேண்டும். அதை வாங்காமலே மண்ணைத் தோண்டும் ஒப்பந்ததாரர்கள் இருக்கிறார்கள். அவர்களைவிட மோசம், "உங்கள் பெயரிலேயே வாங்கிவிடுங்கள், செலவு குறையும்" என்பவர்கள். தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் சட்டத்தின் பார்வையில் நீங்களே கட்டுநர். வேலையின் குறைகளும், வேலையாளுக்குக் காயம் பட்டால் அந்தச் செலவும்கூட உங்கள் தலையில் விழலாம். ஏமாந்தவர்கள் மாநில ஒப்பந்ததாரர் உரிம வாரியத்தில் புகார் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் 2023இல் 25,000 டாலராக உயர்த்தப்பட்ட, ஒப்பந்ததாரர் வைத்திருக்க வேண்டிய பிணைத்தொகைகூட ஒரு குடும்பத்தின் நஷ்டத்துக்குக் காணாது. அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள்.