கைபடாத பாக்கெட், கைபடும் குப்பை

பேக்கேஜிங் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன் என்றால், “அட்டைப்பெட்டி ஒட்டவும் பிஎச்டியா?” என்று கேட்காதவர்கள் குறைவு. கேட்பவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மருத்துவம், சட்டம், ஐஏஎஸ் என்றால் நம் தெருக்களில் வழிகாட்ட நாலு பேராவது இருக்கிறார்கள். இப்படியொரு படிப்பு இருப்பதை நமக்கு யாரும் சொன்னதில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் இது ஒரு தனித் துறை. இங்கே ஒன்றிய வணிக அமைச்சகத்தின் கீழ் 1966இல் தொடங்கிய இந்தியப் பேக்கேஜிங் நிறுவனம் மும்பையில் இருக்கிறது. சென்னையிலும் கிளை உண்டு. அறிவியலோ பொறியியலோ படித்தவர்கள் இரண்டாண்டு முதுநிலைப் பட்டயம் படிக்கலாம்.

அப்படி என்னதான் படிக்கிறோம்? ஷாம்பு பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். (இந்தியாவில் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்ற முன்னோடி கடலூர் சின்னி கிருஷ்ணன். அந்த வகையில் இது நம்மூர்ச் சரக்கு.) கைக்கு ஒரே தாள்போல் தெரியும். உண்மையில் வெளியே அச்சைத் தாங்கும் பாலியெஸ்டர், நடுவில் ஒளியையும் காற்றையும் மறிக்கும் அலுமினியப் பூச்சு, உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பாலித்தீன். எல்லாவற்றையும் பசை போட்டு ஒன்றாக்கியிருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் படலத்தின் வழியே 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் நீராவி நுழைகிறது, எவ்வளவு ஆக்சிஜன் கசிகிறது என்று அளப்பது எங்கள் அன்றாட வேலை. கடை அலமாரியில் பிஸ்கட் எத்தனை மாதம் நமுத்துப்போகாமல் இருக்கும் என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் சொல்கிறோம். பாக்கெட்டைக் கிழிக்கும் நொடிவரை எல்லாம் துல்லியம். அதற்குப் பிறகு மறுசுழற்சி என்று ஓர் அத்தியாயம் வரும். அதில் பொருட்கள் இருக்கும், மனிதர்கள் இருக்கமாட்டார்கள்.

கிழித்த பிறகு நடப்பதுதான் என் கவலை. தண்ணீர் பாட்டிலைக் காயலான் கடைக்காரர் எடைபோட்டு வாங்குவார். பால் கவரையும் வாங்குவார். சிப்ஸ் கவரை வாங்கமாட்டார். பாலித்தீன் ஏறத்தாழ 110 டிகிரியில் உருகிவிடும். பாலியெஸ்டர் உருக 250ஐத் தாண்ட வேண்டும். ஒட்டிக்கிடக்கும் இரண்டையும் சேர்த்து உருக்கினால் உருப்படியாக ஒன்றும் வராது. பிரிக்கலாமென்றால் ஆகும் செலவு பொருளின் மதிப்பைவிட அதிகம். விலை போகாததைக் குப்பை பொறுக்கும் அக்கா ஏன் குனிந்து எடுக்கப்போகிறார்? அது மழையில் அடித்துக்கொண்டு சாக்கடைக்குப் போகிறது. அடைத்த சாக்கடையில் கைவிட்டு அள்ளுவது எந்தச் சாதியின் கை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாக்கெட்டுகளில் சிலவற்றின் மேல் ‘கைபடாமல் தயாரிக்கப்பட்டது’ என்று அச்சிட்டும் இருப்பார்கள்.

ஆக, மூன்று அடுக்கா, ஒரே வகை நெகிழியா என்று ஆய்வகத்தில் எடுக்கும் முடிவு எங்கோ ஒரு மனிதரின் கை எதைத் தொட வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்கிறது. முழுக்கப் பாலித்தீனாலேயே ஆன படலங்கள் இன்று கிடைக்கின்றன. சில பொருட்களுக்கு அவற்றின் தடுப்புத்திறன் போதாது, சிலவற்றுக்கு விலை கட்டுப்படியாகாது என்கிறார்கள். அதில் பாதி உண்மை. ஷாம்பு பாக்கெட் அளவுக்குச் சிறியது என்றால் எந்த நெகிழியாக இருந்தாலும் பொறுக்கிச் சேர்ப்பது நட்டம்தான். அங்கே பாக்கெட்டை மாற்றுவதைவிட விற்கும் முறையை மாற்ற வேண்டும்.

சட்டம் என்ன செய்தது? மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு நெகிழியை இரண்டாண்டுகளில் கைவிட வேண்டும் என்றது 2016ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதி. கெடு முடியும் 2018இல் திருத்தம் வந்தது. மறுசுழற்சி செய்யவோ, எரித்து ஆற்றல் எடுக்கவோ, வேறெதற்கும் பயன்படுத்தவோ முடியாததை மட்டும் கைவிட்டால் போதும் என்றாகிவிட்டது. சிமென்ட் ஆலைச் சூளையில் எரிக்க முடியாத பாக்கெட் எது? நாலைந்து சொற்களில் ஒரு தடையையே கரைத்துவிட்டார்கள். அந்தச் சொற்களின் பொருள் புரிந்து கூச்சலிட நம் பக்கம் ஆளில்லை.

அதற்காகப் பாக்கெட்டே வேண்டாம், பழையபடி பொட்டலம் கட்டுவோம் என்கிற சூழலியல் நண்பர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. பொட்டலம் கட்டிய கை சாதி பார்த்த கை. எட்ட நின்று வாங்கியவர்களுக்குத்தான், மூடிய பாக்கெட்டும் அதில் அச்சிட்ட விலையும் என்ன தந்தன என்று தெரியும். உத்தரப்பிரதேசத்தில் இரண்டு வட்டாரங்களின் தலித் குடும்பங்களைப் பற்றி 2010இல் தேவேஷ் கபூர், சந்திரபான் பிரசாத் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு, பற்பசையும் ஷாம்புவும் அந்த வீடுகளுக்குள் வந்ததைச் சமூக மாற்றத்தின் அடையாளமாகவே கணக்கில் எடுத்தது. சந்தைமீது அவர்களுக்கிருக்கும் நம்பிக்கை எனக்கில்லை. ஆனால் அந்தக் கணக்கைத் தள்ளிவிட முடியாது. அதேபோல, இரட்டைக் குவளைக்கு எதிர்ப்புக் கிளம்பியதும் தலித்துகளுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப் நீட்டிய தேநீர்க்கடைகளையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. கழுவ வேண்டாம், தூக்கி எறிந்தால் போதும். தீண்டாமைக்கு எத்தனை வசதி!

ஒரு கருத்தரங்கில், புதுப் படலத்தை மதிப்பிடும்போது காயலான் கடையில் அதற்கு என்ன விலை கிடைக்கும் என்பதையும் ஓர் அளவுகோலாக வைக்கலாமே என்றேன். “அது சமூகவியல்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி” என்றார் மேடையிலிருந்தவர். நீராவி நுழைவது அறிவியலாம், நம் கை நுழைவது சமூகவியலாம். அந்த அரங்கில் குப்பை அள்ளும் வீட்டிலிருந்து வந்தவர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் அவர் அவ்வளவு சுலபமாக அடுத்த கேள்விக்குப் போயிருக்க முடியாது.

கடைசியில் பெருநிறுவனத்துக்குத்தானே வேலை பார்க்கப்போகிறாய் என்று தோழர்கள் கேட்கிறார்கள். இந்தப் படிப்பு முடித்தவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் போகிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. எந்தப் பாக்கெட் எத்தனை அடுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடுபவர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். விதி திருத்தும் குழுக்களுக்கு நிபுணர் என்று அழைக்கப்படுபவரும் இந்தப் படிப்பைத் தாண்டித்தான் வருகிறார். வாசலில் நின்று முழக்கமிடுவதும் வேண்டும், உள்ளே போய் அந்தத் தாளை எழுதுவதும் வேண்டும்.

வேதியியல், இயற்பியல், உணவு அறிவியல் இறுதியாண்டில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். நெட் தேர்வில் பேக்கேஜிங் என்று தனிப் பாடம் கிடையாது. நான் வேதியியல் எழுதித்தான் வந்தேன். முதுகலை முடிக்கும் ஆண்டிலேயே எழுதிவிடுங்கள். ஆய்வு உதவித்தொகை எதுவானாலும் மாதாமாதம் ஒழுங்காக வந்துவிடும் என்று நம்பி வாடகைக்கு வீடு பிடிக்காதீர்கள்; விடுதியில் இடம் கேட்டு முதல் நாளே விண்ணப்பித்துவிடுங்கள்.