நுரையை நம்பி வாங்கலாமா?

நூல் வாங்கும்போது எண் பார்க்கின்றோம். நெல்லுக்கு ஈரம் பார்க்கின்றோம். உர மூட்டையில் தழைச்சத்து நூற்றுக்கு எத்தனை என்று படிக்கின்றோம். சலவைத் தூளுக்கு மட்டும் நுரையைக் கண்டு பணம் கொடுத்துவிடுகின்றோம். திருமலைராயன்பட்டினம் வட்டாரச் சங்கத்தார் இவ்வழக்கத்தை விடவேண்டும் என்பது நம் கருத்து.

தூள் முழுவதும் அழுக்கெடுக்கும் பொருள் அன்று. சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலை உற்பத்தி செய்யும் லீனியர் ஆல்க்கைல் பென்சீன் போன்றவற்றிலிருந்தே அழுக்கெடுக்கும் செயற்பொருள் ஆக்கப்படுகின்றது. எஞ்சியவை சலவைச் சோடா, சோடியம் சல்பேட்டு முதலியன. சோடா மிகுந்தால் பட்டு நைந்துபோகும். உப்பு மிகுந்தால் எடைதான் கூடும். அக்கழிவுநீர் வாய்க்கால் வழியே வயலை அடைந்தால், சோடியம் மிகுந்து களிமண் இறுகும். ஆகவே இது நெசவாளர்க்கும் உழவர்க்கும் பொதுவான கவலை.

செயற்பொருளை அளக்கும் வழி எளிது. அது எதிர்மின் தன்மையுடையது. தூளின் கரைசலில் நேர்மின் தன்மையுடைய ஹயமீன் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, இரண்டும் ஒன்றுக்கொன்றாக இணையும். கரைசலில் அமிழ்த்திய மின்முனை மில்லிவோல்ட் கணக்கில் மின்னழுத்தத்தைக் காட்டும். செயற்பொருள் தீரும் கட்டத்தில் அது சட்டென்று மாறும், அதுவே முடிவு. பழைய முறையில் குளோரோபாரத்தில் சாயம் நிறம் மாறுவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். கலங்கிய கரைசலில் கண் தடுமாறும். மின்முனை தடுமாறுவது குறைவு. மின் தன்மையற்ற செயற்பொருள்களை மட்டும் இம்முறை காட்டாது. அவற்றுக்கு வேறு சோதனை வேண்டும்.

இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 4955 வரையறை வீட்டுச் சலவைத் தூளுக்குச் செயற்பொருளின் குறைந்த அளவை விதித்துள்ளது. இதனால் வரும் இலாபத்தை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். கிலோ 60 ரூபாய்த் தூளில் நூற்றுக்கு 10 பங்கும், 90 ரூபாய்த் தூளில் 18 பங்கும் செயற்பொருள் இருப்பதாகக் கொள்வோம். செயற்பொருள் கிலோவுக்கு முன்னது 600 ரூபாய். பின்னது 500 ரூபாய். மலிவு என்று எண்ணியதே விலை மிகுந்தது!

தனி உறுப்பினர் ஒருவர் இச்சோதனைக்குச் செலவிட இயலாது, சங்கத்தால் இயலும். மொத்தமாகக் கொள்முதல் செய்யுமுன் மாதிரி எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புக. செயற்பொருளின் அளவை விற்பவரிடம் எழுத்தில் பெறுக. காரைக்கால் கல்லூரிகளின் வேதியியல் துறையினரை அணுகி உதவி கேட்கலாம். அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டுகின்றோம். எடைக்கு விலை கொடுத்தது போதும். இனிச் சத்துக்கு விலை கொடுப்போம்.