பெயர் மாறினால் வழி அடைபட வேண்டுமா?

"நாம் திரட்டிய சொற்களெல்லாம் போய்விட்டனவா?" என்று மூணாற்றிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். அன்று நான் பட்ட வெட்கத்தை இன்னும் மறக்கவில்லை.

எனக்கு ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காட்டு எல்லையில் எங்கள் வயற்காட்டுப் பேச்சிலும், இடுக்கி மலையில் அவர்களுடைய தேயிலைத் தோட்டப் பேச்சிலும் ஏட்டில் ஏறாத தமிழ்ச்சொற்கள் பல உண்டு. அவற்றைக் கணிப்பொறியில் கோப்புகளாக எழுதி வந்தோம். வேண்டிய சொல்லை நொடியில் தேடித் தருவதற்காக, விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் நிரல் எழுதும் கருவிக்கு, எக்ஸ்டென்ஷன் எனப்படும் சிறு நீட்சி ஒன்றை நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

உண்மையில் தேடும் வேலையைச் செய்தது என் நீட்சியன்று; ரிப்கிரெப் என்னும் நிரல். ஆண்ட்ரூ காலண்ட் 2016இல் வெளியிட்ட அதனை, அந்தக் கருவி 2017 முதல் தன் வயிற்றிலேயே வைத்திருக்கிறது. "வீட்டுக்குள் இருப்பதுதானே" என்று நானும், எவரையும் கேளாமல், அதன் இருப்பிடத்தை அப்படியே எடுத்து எழுதிவிட்டேன். சில ஆண்டுகள் சென்றபின் ‘விஎஸ்கோட்-ரிப்கிரெப்’ என்ற அப்பொதியின் பெயர் ‘@விஎஸ்கோட்/ரிப்கிரெப்’ என்று ஆயிற்று. கோப்பு இருந்தது, சொல் இருந்தது, தேடும் நிரலும் இருந்தது. பழைய விலாசத்தில்தான் ஆளில்லை! என் நீட்சி கைவிரித்துவிட்டது.

திருத்தம் சில வரிகளே. முதலில் புதுப் பெயரில் தேடு. இல்லையேல் பழைய பெயரில் தேடு. இரண்டும் இல்லையேல் பயன்படுத்துவோர் காட்டும் இடத்தில் தேடு. இவ்வாறு எழுதியதும் உயிர் வந்தது. ஆயினும் அது ஒட்டுப்போட்ட வேலையே. பின்னர், என் நீட்சிக்கு ரிப்கிரெப் தேவை என்று வெளிப்படையாக எழுதி, அதையும் உடன் கட்டியே அனுப்பினேன்.

பெயரை மாற்றியவர்மேல் பழிபோடுவது எளிது, முறையன்று. எவரும் உறுதி கூறாத உள்வழியை நம்பியது என் குற்றம். ஆனால் பலர் நடக்கும் வழி என்று தெரிந்தபின் அதனை மாற்றுவோர், பழைய முனையில் ஒரு கைகாட்டி நட்டுச் செல்வதே பண்பாடு.

எங்கள் பாலக்காடு சந்திப்பைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘பால்காட்’ என்று வழங்கிய ஊர்ப்பெயர் 1990களின் தொடக்கத்தில் ‘பாலக்காடு’ என்று திருந்தியது. பெயர்ப்பலகை மாறியது. ஆனால் இரயில்வேயின் நிலையக் குறியீடு இன்றும் பழைய பெயரைச் சுருக்கிய ‘பி.ஜி.டி.’ தான். மக்கள் நாவுக்கு உரிய பெயர் மக்களுக்கு. கணிப்பொறிக்கு மாறாத குறி. வண்டி எதுவும் வழி தவறவில்லையன்றோ?

மன்றத் தோழர்களே! சொற்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. நாளை தேடுவோர் கைக்குக் கிட்டாத சொல், சேர்க்காத சொல்லே. எனவே நிரல் எழுதும்போது, எதை நம்பி நிற்கிறோம் என்பதை முதற்பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மூணாற்று நண்பர் கேட்ட கேள்வியை இன்னொருவர் கேட்கும்படி விடாதீர்கள்!