குழி வேறு, கண்மாய் வேறு

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாட்டுத்தாவணியைத் தாண்டி ஒத்தக்கடைச் சாலையில் போனால், தலையில் கவசமும் முதுகில் தண்ணீர்ப் பையுமாகச் சைக்கிள் மிதித்துப் போகும் கூட்டம் ஒன்றைப் பார்க்கலாம். டாக்டர், பாங்க் அதிகாரி, நகைக்கடை முதலாளியின் மகன், கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர் என்று எல்லாரும் அதில் உண்டு. எல்லாருக்கும் ஒரு பர்லாங்கு பின்னால், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்துகொண்டிருக்கிற ஆசாமி யார் என்கிறீர்களா? நான்தான். நாற்பத்தைந்து வயதில் தொந்தியைக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். மனைவி அதை ஆணையாக மாற்றினாள்.

இந்தச் சைக்கிள்களுக்குக் ‘கிராவல் பைக்’ என்று பெயர். வளைந்த கைப்பிடி, அகன்ற டயர். காற்றைச் சற்றுக் குறைவாக அடித்துக்கொண்டு தார்ச் சாலையை விட்டிறங்கிச் சரளையிலும் செம்மண்ணிலும் போவது. அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்துச் சரளை ரோடுகளில் 2006-ல் 200 மைல் பந்தயம் ஒன்று தொடங்கினார்கள். 2022-ல் இத்தாலியில் உலக சாம்பியன் போட்டியே நடந்துவிட்டது. நம் ஊர்ப் பால்காரர்களும் கீற்று வியாபாரிகளும் இதே காரியத்தைப் பந்தயமும் பதக்கமும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள் என்பது வேறு விஷயம். இதைப் பரிகசிக்க நான் வரவில்லை. நல்ல பழக்கம், கெட்ட பழக்கங்களுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இது இருந்துவிட்டுப் போகட்டும். என் சண்டை வேறு.

சென்ற மாதம் மேலூருக்கு அப்பால் கீழவளவுப் பக்கம் போனோம். ஒரு காலத்தில் கிரானைட் லாரிகள் ஓடிய மண் பாதை. அதன் முடிவில் கைவிடப்பட்ட குவாரி ஒன்று. கத்தியால் வெண்ணெயை வெட்டியதுபோல் நாலு பக்கமும் செங்குத்தாக இறங்குகிற கற்சுவர்; அடியில், பனைமரத்தை நட்டால் மூழ்கிப்போகிற ஆழத்துக்குப் பச்சைப் பசேலென்று தண்ணீர். எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர், படித்தவர், பண்பானவர், சைக்கிளைச் சுவரோரம் சாய்த்துப் படம் பிடித்துவிட்டுச் சொன்னார்: “ஸ்விட்சர்லாந்து தோற்றது, சார்! இதைச் சுற்றிப் பாதை போட்டு, நாலு படகு விட்டு, காப்பிக் கடை ஒன்று வைத்தால் போதும். மதுரைக்கு மீனாட்சியம்மன் கோவிலுக்கு அடுத்த இடம் இதுதான்.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அப்போது பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு வருகிற கோபம்தான் எழுத்தாளனுடைய கோபம். ஆகவே நண்பருக்கு நேரில் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அந்தப் பள்ளம் இயற்கையின் எழில் அல்ல. ஒரு வழக்கின் சாட்சிப் பொருள். மேலூர் வட்டாரத்துக் குன்றுகளை இரும்புக் கம்பியில் வைரத்தூள் பதித்த ரம்பத்தால் அறுத்து, பாளம் பாளமாக வெளிநாட்டுக்கு ஏற்றினார்கள். அதில் ஒரு வகைக்கு வியாபார உலகம் வைத்த பெயர் ‘காஷ்மீர் ஒயிட்’. மேலூர்க் கல்லுக்குக் காஷ்மீர்ப் பெயர்! திருடப்பட்ட குழந்தைக்கு முதலில் பெயரைத்தான் மாற்றுவார்கள் என்று நான் கதையில் எழுதியிருந்தால், மிகையாக எழுதுகிறான் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.

2012-ல் மதுரைக் கலெக்டராக இருந்த சகாயம், சட்டவிரோதக் குவாரிகளால் அரசுக்கு நேர்ந்த நஷ்டம் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அறிக்கை அனுப்பினார். அந்த ஆண்டே மாற்றப்பட்டார். 2014-ல் சென்னை உயர்நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது. 2015 நவம்பரில் அவர் கொடுத்த அறிக்கையில் நஷ்டக் கணக்கு ஒரு லட்சம் கோடியைத் தாண்டியது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, குவாரிக்காக நரபலி கொடுத்தார்கள் என்ற புகாரின் பேரில் சின்னமலம்பட்டியில் தோண்டிப் பார்க்க வேண்டியிருந்தது. தடயம் அழிந்துவிடக்கூடாதென்று அந்த மனிதர் இரவு முழுதும் மயானத்திலேயே தங்கினார். குற்றவாளி யார் என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை; அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஓர் அதிகாரி சுடுகாட்டில் படுத்துக் காக்க வேண்டியிருந்த மண்ணில் காப்பிக் கடை வைக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறதே, அந்த மறதியைத்தான் கேட்கிறேன்.

அன்று நண்பர்கள் புறப்பட்ட பிறகு, செயின் கழன்றதால் நான் மட்டும் பின்தங்கினேன். ஆடு மேய்த்துக்கொண்டு ஒரு கிழவி வந்தாள்.

“என்னய்யா, நீங்களும் படம் பிடிக்க வந்தீகளா?”

“சும்மா பார்க்க வந்தேன் ஆத்தா. தண்ணி நல்லாத்தான் கிடக்கு.”

“கிடந்து என்னய்யா செய்ய? ஆட்டுக்குக்கூட எட்டாத தண்ணி. எங்க கண்மாய்க்கு வர்ற ஓடையைச் சக்கைக் கல்லைக் கொட்டி மூடிப்புட்டாக. மழை பேஞ்சா எல்லாம் இந்தக் குழிக்குள்ளதான் விழுகுது.”

எனக்குப் பாடப் புத்தகம் சொல்லாததை அந்த அம்மாள் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். கண்மாயும் பள்ளம்தான், குவாரியும் பள்ளம்தான். ஆனால் கண்மாய்க்குக் கரை உண்டு, மடை உண்டு, கலுங்கு உண்டு. தண்ணீர் வர வரத்துக் கால்வாய் உண்டு. நிறைந்தால் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போக வழி உண்டு. கீழே அதை நம்பி ஆயக்கட்டு உண்டு. சரிவான கரையில் ஆடு இறங்கும், மாடு இறங்கும், குழந்தை இறங்கி ஏறும். குவாரியில் இது ஒன்றும் கிடையாது. வருகிற தண்ணீரை வாங்கும், யாருக்கும் கொடுக்காது. தவறி விழுந்த பிள்ளை பிடித்து ஏற ஒரு படி கிடையாது. முன்னது ஊர் வெட்டியது. பின்னது ஊரை வெட்டியது. இரண்டுக்கும் ‘ஏரி’ என்று ஒரே பெயர் வைப்பது மொழிப் பிழை மட்டுமல்ல, விடுதலைத் தீர்ப்பும்கூட.

நண்பர் படித்தவர், சும்மா இருக்கமாட்டார். “ஜெர்மனியில் செய்யவில்லையா?” என்று கேட்பார். செய்தார்கள். எஸ்ஸென் நகரத்தில் 1986-ல் மூடிய நிலக்கரிச் சுரங்கம் 2001-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. லுசாத்தியாவில் பழுப்பு நிலக்கரி தோண்டிய பெரும் பள்ளங்கள் ஏரிகளாகி, அவற்றைச் சுற்றிச் சைக்கிள் பாதைகள் ஓடுகின்றன. ஆனால் எந்த வரிசையில் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டாமா? அதற்கென்றே அரசாங்கம் ஒரு நிறுவனத்தை அமைத்தது. பல ஆண்டுகள் கரையைக் கெட்டிப்படுத்தினார்கள். தண்ணீரின் அமிலத்தை முறித்தார்கள். மண் சரியும் அபாயமுள்ள இடங்களில் இன்றைக்கும் யாரையும் விடுவதில்லை. முதலில் வைத்தியம், பிறகு அலங்காரம். நாம் புண்ணைக் கழுவாமல் சந்தனம் பூசலாம் என்கிறோம். தோண்டியவனே நிலத்தைச் சீர்படுத்த வேண்டும் என்று நம் நாட்டு விதிகளிலும் எழுதித்தான் இருக்கிறது. படகு விட்டு டிக்கெட் கிழித்துவிட்டால் அந்தக் கேள்வியை அப்புறம் யார் கேட்பார்கள்?

அப்படியானால் அங்கே போகவே கூடாதா என்றால், போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. இன்னும் நிறையப் பேர் போக வேண்டும். காரில் போகிறவனுக்கு மேலூர்ச் சீமை வெறும் வறண்ட பூமி. சர்க்கார் காகிதத்தில் புறம்போக்கு. சைக்கிளில் போகிறவனுக்குத்தான் ஒவ்வொரு ஏற்றமும் தொடையில் தெரிகிறது. இந்தத் தரை எப்படிச் சரிகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது புரிகிறது.

அரிட்டாபட்டிக்குப் போய்ப் பாருங்கள். ஏழு குன்றுகள், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோவில், சமணர் படுக்கையும் தமிழ் பிராமி எழுத்தும். பக்கத்தில் மாங்குளத்துக் குன்றில் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த கல்வெட்டு; ராபர்ட் சீவெல் 1882-ல் கண்டது. பறவைகளில் மட்டும் சுமார் 250 வகை. அவற்றில் வல்லூறும் உண்டு, ராஜாளியும் உண்டு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது இதைத்தான். இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளடக்கிச் சுமார் 5,000 ஏக்கரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கென்று மத்திய அரசு ஏலம் விட்டது! வரைபடத்தில் அது வெறும் கட்டம். கட்டத்துக்குள் ராஜாளி பறப்பது டெல்லிக்குத் தெரியாது.

தெரிந்தவர்கள் கிளம்பினார்கள். 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கான ஜனங்கள் நடந்தும் வண்டிகளிலும் வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தாயிற்று. ஒவ்வொரு பாறைக்கும் ஒவ்வொரு ஓடைக்கும் பெயர் தெரிந்த ஜனங்களால் அது ரத்தாயிற்று. அந்தப் பெயர்களில் பத்தையாவது தெரிந்துகொண்டு திரும்புகிற சைக்கிள்காரனை நான் கும்பிடுகிறேன். படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புகிறவனோடுதான் எனக்கு வழக்கு.

சைக்கிளுக்கும் கல்குவாரிக்கும் உள்ள உறவைப் பற்றி நமக்கு வேறு தேசம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டைச் சீமையில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் பழகினார்கள். அதே காலத்தில் அந்த மாவட்டத்தில் கல் உடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்கு விட்டார்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்து, நாலு இடத்துக்குத் தானே போய்வரத் தெரிந்த பெண்ணை ஏமாற்றுவது எளிதா? அவள் கையில் சைக்கிள் வாகனமாக மட்டும் இருக்கவில்லை. கேள்வி கேட்கிற ஆயுதமாகவும் இருந்தது. அவளுடையதைவிடப் பல மடங்கு விலை கூடிய சைக்கிள் வைத்திருக்கிற நமக்கு, அதில் பாதிக் கேள்வியாவது இருக்க வேண்டாமா?

ஆகவே நண்பருக்குச் சொல்வேன்: படகு அப்புறம் ஆகட்டும். முதலில் அந்தக் குழிக்கு வேலி போடச் சொல்லுங்கள். மூடிய ஓடையைத் திறக்கச் சொல்லுங்கள். பணத்தைக் கொடுக்க வேண்டியவர்கள் கொடுத்தார்களா என்று கேளுங்கள். உங்கள் கையெழுத்துக்கு ஆபீஸில் மதிப்பு உண்டு. அந்தக் கிழவியின் கைநாட்டுக்கு இல்லை.

அடுத்த ஞாயிறு மறுபடி அதே பாதையில் போகிறோம். படம் பிடிக்கிற நேரத்தில் ஒரு மனுவில் கையெழுத்து வாங்கலாம் என்று எழுதி மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் எனக்கு ஒரு பர்லாங்கு முன்னால் போய்விடுவார்கள், பாதகமில்லை. குழியண்டை எப்படியும் நின்றுதானே ஆக வேண்டும்.