ஷியா இல்லாத ஊருக்கு இலுப்பை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப்போட்ட பதிவு. வீட்டுலயே க்ரீம், பாம்னு கிண்டுற சக வெட்டி ஆபீசர்களுக்கு இது உபயோகப்படலாம். மத்தவங்க திட்டாம படிங்க :-)

அம்மாவுக்குப் பதினஞ்சு வருஷமா சர்க்கரை. குதிகால் வெடிப்பு அவங்களுக்கு அழகுப் பிரச்சினை இல்லை, வெடிப்பு புண்ணாச்சுன்னா ஆறாது. பாதம் காயாமப் பாத்துக்கங்கன்னு டாக்டர் சொன்னதும், ஐயா களத்துல குதிச்சேன். படிச்ச இடத்துலெல்லாம் ஷியா, ஷியான்னு ஒரே புகழ். நல்ல விலை கொடுத்து வாங்கி, டப்பாவுல ஊத்திக் கொடுத்தாச்சு.

ஜனவரியில பிரமாதம். மே மாசம் டப்பாவைத் திறந்தா எண்ணெய்! அதைத் தடவிக்கிட்டு அம்மா ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்திருக்க, மொசைக் தரையில வழுக்கி, நல்லவேளை கதவைப் பிடிச்சிட்டாங்க. "இதுக்கு விளக்கெண்ணெயே தேவலைடா"ன்னாங்க. அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரலை.

தப்பு ஷியா மேல இல்லைங்க. கானாவுலயும் புர்க்கினா ஃபாசோவுலயும் கிராமத்துப் பெண்கள் கொட்டை பொறுக்கி, வறுத்து, அரைச்சு, கையால கடைஞ்சு எடுக்கிற அருமையான பொருள் அது. ஆனா 30 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிச்சிடும். நம்ம சென்னைக்கு 30 டிகிரிங்கிறது விடியற்காலை!

அதனால என் கட்சி இதுதான்: பட்டர் வாங்குறப்போ டப்பா மேல எழுதியிருக்கிற புகழைப் பாக்காதீங்க. எத்தனை டிகிரியில உருகும், உங்க ஊர்ல எத்தனை டிகிரி வெயில், இந்த ரெண்டையும் பாருங்க.

கோக்கோ பட்டர் 34-லேர்ந்து 38-க்குள்ள உருகும். சாக்லேட் வாயில கரையிறது அதனாலதான். வாசனை தூக்கும், சிலருக்கு அதுவே தலைவலி. மாங்கொட்டைப் பருப்புலேர்ந்து எடுக்கிற மேங்கோ பட்டர் மிருதுவா இருக்கும், மாம்பழ வாசனையை மட்டும் எதிர்பார்க்காதீங்க. கோகம் பட்டர் கொங்கண், கோவா பக்கத்துச் சரக்கு. குழம்புல புளிக்குப் பதிலா போடுவாங்களே, அந்தப் பழத்தோட விதைதான். உருக 40 டிகிரி கிட்டத்துல ஆகும். கல்லு மாதிரி இருக்கும், வாசனை இல்லை, பிசுபிசுப்பும் கம்மி.

இன்னொரு ஆச்சரியம். ஷியா மரமும் நம்ம இலுப்பையும் ஒரே குடும்பம். சப்போட்டாவும் அதே வம்சம்தான்! ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைன்னு கிண்டல் பண்ணியே அந்த மரத்தை மறந்துட்டோம். இலுப்பெண்ணெய் குளிர்ல உறையும், வெயில்ல இளகும். தனியா நிக்காது, ஆனா கோகமோட நல்லா சேரும்.

இப்ப என் கணக்கு: கோகம் 60 கிராம், இலுப்பெண்ணெய் 30, தேன்மெழுகு 10. கொதிக்கிற தண்ணி மேல பாத்திரத்தை வெச்சு உருக்கி, உடனே ஃபிரிட்ஜுல வெச்சிடணும். மெதுவா ஆறவிட்டா ரவை ரவையா திரிஞ்சிடும். கற்றாழை, ரோஸ் வாட்டர் எதுவும் சேர்க்காதீங்க. தண்ணி பட்டா பூஞ்சைதான். நான் ஒரு டப்பா முழுக்க வளர்த்திருக்கேன் :-(

ராத்திரி குதிகால்ல லேசா தேய்ச்சு மேல சாக்ஸ். விரல் இடுக்குல தடவக்கூடாது. ஏற்கெனவே புண் இருந்தா டாக்டர்கிட்ட போங்க, என்கிட்ட வராதீங்க.

இந்த மே மாசம் டப்பா உருகலை. வெடிப்பும் மூடிக்கிட்டு வருது. அம்மாவோட விமர்சனம்: "காலெல்லாம் கோயில் விளக்கு வாசனை அடிக்குதுடா." ஆனா டப்பாவைத் தலைமாட்டுலதான் வெச்சிருக்காங்க.

டிஸ்கி: முதல்ல முழங்கையில கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்க. அரிச்சா விட்டுடுங்க. உங்க ஊர் வெயிலுக்கு எது நின்னுச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்கா.